சீட்டும் பரிசுச்சீட்டும்: தமிழ்நாட்டுக் குலுக்கல் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

சீட்டு என்னும் சிறு சொல் தமிழில் சுமக்கும் பொருள் பெரிது. பேருந்தில் நடத்துநர் கிழித்துத் தருவதும் சீட்டு. மாதந்தோறும் பலர் கூடிப் பணங்கட்டி ஏலம் கேட்பதும் சீட்டு. திண்ணையில் அமர்ந்து ஆடுவதும் சீட்டு. கோயில் முன்னிலையில் தெய்வத்தின் எண்ணத்தை அறியப் போடுவது திருவுளச்சீட்டு. நம் திருமறையை மொழிபெயர்த்தோரும், எபிரெயத்தில் கோரால் என்றும் கிரேக்கத்தில் கிளேரோஸ் என்றும் வழங்கும் சொற்களுக்கு நேராக இச்சொல்லையே எடுத்தாண்டனர். பின்னர் 1968ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஒரு தாளை அச்சிட்டு மக்களிடையே விற்கத் தொடங்கியபோது அதற்கும் பரிசுச்சீட்டு என்றே பெயர் அமைந்தது.

ஒரே சொல் இருவேறு பொருள்களுக்கு வாய்த்தமையால் எழுந்த குழப்பம் சிறிதன்று. நெய்வேலியை அடுத்த வடக்குத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஊழியம் செய்யும் ஆயர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்றுண்டு: “அப்போஸ்தலரே சீட்டுப் போட்டார்களே ஐயா, நாங்கள் ஒரு சீட்டு வாங்கினால் மட்டும் பாவமா?” இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் கேட்பவர் பெரும்பாலும் கேலியாகக் கேட்பதில்லை. ஆகவே, சீட்டுப்போடுதல் என்னும் பழைய வழக்கம் எது, பரிசுச்சீட்டு என்னும் புதிய வணிகம் எது, முன்னதன் பெயர் பின்னதற்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருமறையிலும் உத்திரமேரூரிலும்

பழைய ஏற்பாட்டில் சீட்டு மிகப் பரவலாகக் காணப்படுகிறது. பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களில் எது எதற்கென்று சீட்டினாலே குறிக்கப்பட்டது. சவுல் அரசனாகக் கண்டெடுக்கப்பட்டதும், யோனா கப்பலில் அகப்பட்டதும் சீட்டினாலேயாகும். இவற்றினும் நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானது நிலப்பங்கீடு. எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து நோக்குவோர் ஒரு நுட்பத்தைக் காண்பர். மிகுதியான மக்களையுடைய கோத்திரத்திற்கு மிகுதியான நிலமும், குறைந்த மக்களையுடையதற்குக் குறைந்த நிலமும் தரப்படல் வேண்டும் என்பது முதற்கட்டளை. அதன் பின்னரே சீட்டு வருகிறது. அளவைத் தேவை முடிவு செய்தது. இடத்தை மட்டும் சீட்டு முடிவு செய்தது. யாரும் வெறுங்கையோடு திரும்பிச் செல்லவில்லை. யோசுவா 18ஆம் அதிகாரத்தில் சீலோவில் ஏழு கோத்திரங்களுக்குச் சீட்டுப்போட்டபோதும், ஒருவனுக்கு விழுந்தமையால் மற்றோர் ஆறு பேர் இழந்தனர் என்ற நிலை எழவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரமும் இவ்வாறானதே. யூதாசின் இடத்திற்கு ஆளைத் தேடியவர்கள் நூற்றிருபது பேருடைய பெயர்களையும் எழுதிக் குலுக்கவில்லை. தொடக்கமுதல் உடனிருந்தவன், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியானவன் என்னும் தகுதிகளை முன்வைத்து இருவரைத் தேர்ந்து நிறுத்தினர், ஜெபித்தனர், அதன் பின்னரே சீட்டு. மத்தியாவுக்கு விழுந்தது பரிசன்று, பாடுகளில் ஒரு பங்கு. பங்கு, பாகம் என்னும் பொருளுடைய கிளேரோஸ் என்ற சொல்லே பிற்காலத்தில் இலத்தீன் மொழியில் குருகுலத்தாரைக் குறிக்கும் கிளேருஸ் ஆயிற்று என்பதை மாணாக்கர் அறிவர். பேதுருவின் முதல் நிருபத்தில் மூப்பர்களிடம் ஒப்புவிக்கப்பட்ட மந்தையைச் சுட்டவும் அச்சொல்லின் பன்மை வடிவமே வருகிறது. ஆக, ஆயர் என்பவர் ஒருவகையில் சீட்டு விழுந்தவர். ஆனால் அவருக்கு விழுந்தது வேலை. (எகிப்து நாட்டுக் கோப்தியத் திருச்சபையில் 2012 நவம்பரில் பாப்பரசர் இரண்டாம் தவத்ரோஸ் தேர்வு செய்யப்பட்டபோதும், முதலில் தகுதியாய்ந்து மூவரை நிறுத்தி, பின்னர்க் கண்கட்டிய சிறுவன் ஒருவன் பீடத்தின்முன் ஒரு பெயரை எடுத்தான்.)

சிறுவன் எடுப்பது தமிழ்நாட்டார்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழனுடைய ஆட்சியில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையில் எடுத்த வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட வயதும், வேதக் கல்வியும் உடையவர் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். குடத்தை மூத்த நம்பிமார் ஒருவர் எல்லோரும் காணத் தூக்கிப்பிடிக்க, உள்ளிருப்பது அறியாப் பாலகன் ஓலையை எடுத்தான். ஆட்டை வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் என இவ்வாறு அமைந்தனர். இதனை மக்களாட்சியின் பொற்காலமெனப் பாராட்டுவோர், நிலமற்றோரும் பெண்டிரும் பிற சாதியாரும் அக்குடத்துள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. எனினும், தகுதி முன்னும் சீட்டுப் பின்னும் நின்ற அம்முறை, எருசலேம் மேல்வீட்டறையில் நிகழ்ந்ததோடு ஒத்திருத்தல் வியப்பளிப்பதாகும்.

பிற்காலத் திருச்சபை சீட்டைப் பற்றிச் சிந்திக்காமல் இருக்கவில்லை. தாமஸ் அக்குவினாஸ் அதனைப் பங்கிடும் சீட்டு, ஆலோசனைச் சீட்டு, குறிகேட்கும் சீட்டு என மூவகையாகப் பிரித்தார். 1619இல் தாமஸ் கட்டாக்கர் என்னும் ஆங்கிலேயப் போதகர், சீட்டு விழுவது கடவுளின் தனிப்பட்ட தலையீடு அன்று, ஏனைய நிகழ்ச்சிகளைப் போன்றதே என வாதிட்டு ஒரு நூல் எழுதித் தம் காலத்துப் பியூரித்தானியர் பலரின் சினத்திற்கு ஆளானார். ஜான் வெஸ்லி 1737 மார்ச்சில் ஜார்ஜியாவில் தம் திருமணத்தைக் குறித்தே சீட்டுப் போட்டு, அதன்படி விலகிக்கொண்டார். 1760இல் தரங்கம்பாடியருகே வந்து குடியேறிய மொராவிய சகோதரரும் முக்கிய முடிவுகளுக்குச் சீட்டைப் பயன்படுத்திய மரபினரே. இவர்களுடைய செயல்களை ஏற்பதும் மறுப்பதும் வேறு. இவர்களில் எவரும் சீட்டிற்கு விலை வைக்கவில்லை என்பதே இங்குக் கருத்தக்கது.

ஆலயவாசலில் குலுக்கல்

விலை வைத்த சீட்டின் வரலாறும் திருச்சபைக்கு அயலானதன்று என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சூதாட்டத்தைப் பழைய திருச்சபை கண்டித்தது மெய்யே. ஸ்பெயின் நாட்டு எல்விரா சங்கத்தின் 79ஆம் விதி, பணத்திற்காகக் கவறாடும் விசுவாசியைத் திருவிருந்தினின்று விலக்கி, அவன் அதை விட்டுத் திருந்தினால் ஓராண்டிற்குப்பின் சேர்த்துக்கொள்ள இடமளித்தது. கவறாடுவோருக்கெதிராகச் சிப்பிரியானுடைய பெயரில் வழங்கும் இலத்தீன் சிறுநூல் ஒன்றும் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் அரசே நடத்திய முதற்குலுக்கல், 1569ஆம் ஆண்டில், இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் மேற்குவாசலிலேயே நடந்தேறியது. துறைமுகங்களைச் செப்பனிடுவதற்குப் பணம் தேவைப்பட்டது, வரி விதிக்க அரசி தயங்கினார், குலுக்கல் கைகொடுத்தது. வரி என்றால் முகம் சுளிப்பவன் சீட்டு என்றால் மனமுவந்து கொடுப்பான் என்னும் இந்த அரசியல் அறிவே பின்வந்த எல்லாக் குலுக்கல்களுக்கும் வேர்.

இந்திய மண்ணிலும் அதே கதை. கல்கத்தாவில் 1787இல் அர்ப்பணிக்கப்பட்ட தூய யோவான் ஆலயத்தின் கட்டட நிதியில் ஒரு பகுதி குலுக்கலால் திரட்டப்பட்டதாகும். அந்நகரின் நகர மண்டபமும் குலுக்கற் பணத்தில் எழுந்தது. 1817இல் அமைந்த லாட்டரிக் குழு சாலைகளையும் குளங்களையும் அமைத்தது. இங்கிலாந்தில் வில்பர்போர்ஸ் போன்ற நற்செய்தி இயக்கத்தார் இதனை எதிர்த்தனர். அங்கு அரசுக் குலுக்கல் 1826உடன் முடிவுற்றது. இந்தியாவில் 1870ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 294அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, அரசின் அனுமதியற்ற குலுக்கல் நிலையம் நடத்துதல் குற்றமாயிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவு அதன் வழித்தோன்றலே. ஆலயக் கட்டட நிதிக்கு ஸ்கூட்டர் பரிசென்று அறிவித்துச் சீட்டு அடிக்க விரும்பும் சபைக் குழுக்கள் இப்பிரிவை ஒருமுறை படித்தல் நலம்.

அரசு வணிகனானமை

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியற்சட்டம் குலுக்கலை இரண்டாகக் கூறுபோட்டது. பந்தயமும் சூதும் மாநிலப் பட்டியலில் 34ஆம் இனம். ஆனால் மத்திய அரசோ மாநில அரசோ நடத்தும் குலுக்கல் மட்டும் மத்தியப் பட்டியலில் 40ஆம் இனம். இப்பிரிவினை பின்னர் எத்தனை வழக்குகளுக்கு வித்தாயிற்று என்பதை மேலே காண்போம்.

முதலில் களமிறங்கியது கேரளம். 1967இல் நிதியமைச்சர் பி. கே. குஞ்ஞு அவர்களின் முயற்சியால் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதற்குலுக்கலை நடத்தியது. சீட்டின் விலை ஒரு ரூபாய். முதற்பரிசு ஐம்பதாயிரம் ரூபாய். அதே 1968இல் முதலமைச்சர் அறிஞர் அண்ணா அவர்களின் அரசு தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டைத் தொடங்கிற்று. “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்னும் தொடர் அக்காலத்தில் மக்கள் நாவில் நின்றது. அத்தொடரின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இழந்தவனுக்கு அது ஓர் ஆறுதலைத் தந்தது. அவனுடைய இழப்பை நன்கொடை என்று பெயர் மாற்றியது. கடைத்தெருவில் ஒரு ரூபாயைத் தொலைத்தவன் நாட்டிற்கு ஒரு மருத்துவமனைச் செங்கல் வைத்ததாக எண்ணிக்கொள்ளலாயிற்று. 1975இல் கலைஞர் மு. கருணாநிதி அவர்களின் அரசு அதனை நிறுத்தியது, 1984இல் எம்.ஜி.ஆர். அவர்களின் அரசு மீண்டும் கொண்டுவந்தது. நிறுத்தியமைக்கும் தொடர்ந்தமைக்கும் இடையில் மாறியது கருவூலத்தின் நிலையேயன்றிச் சூதைப்பற்றிய கொள்கையன்று என்றே நாம் கருதுகிறோம்.

குலுக்கல் நடைபெறும் முறையை அறியாது கண்டிப்பது பயனற்றது. அரசுப் பரிசுச்சீட்டில் வாங்குபவன் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை. வரிசை எழுத்துகளும் ஆறிலக்க எண்ணும் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். குறித்த நாளில், பொது இடத்தில், நடுவர்கள் முன்னிலையில், ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஒவ்வொரு சக்கரம் சுழற்றி நிறுத்தப்படும். முழு எண்ணுக்கும் முதற்பரிசு. கடைசி நான்கு இலக்கங்கள் ஒத்தவற்றிற்குச் சிறு பரிசுகள். சீட்டு அரசிடமிருந்து முகவருக்கும், முகவரிடமிருந்து தெருவில் விற்பவருக்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு கழிவோடு செல்லும். சிறு பரிசுகள் இருப்பதற்குக் காரணமுண்டு. ஐம்பது ரூபாய் விழுந்தவன் அதைப் பெரும்பாலும் அடுத்த சீட்டுகளாகவே மாற்றிக்கொள்வான். அவனைக் கண்ட அண்டைவீட்டானும் வாங்குவான்.

கணக்கிற்காக ஓர் எடுத்துக்காட்டு: ஒரு ரூபாய் விலையில் பத்து இலட்சம் சீட்டுகள் விற்றன என்று வைத்துக்கொள்வோம். வரவு பத்து இலட்சம். அதில் பாதி பரிசாகத் திரும்புமாயின், ஒவ்வொரு சீட்டும் வாங்கிய கணத்திலேயே சராசரி ஐம்பது காசு மதிப்புடையது. ஒருவனே எல்லாச் சீட்டுகளையும் வாங்கினாலும் ஐந்து இலட்சத்தை இழப்பது உறுதி. மிகுதியாக வாங்கினால் வெல்லலாம் என்பவன், மிகுதியாக வாங்கினால் இழப்பும் உறுதிப்படுகிறது என்பதை உணர்வதில்லை. இதனை மறைவுரையில் சொல்லிப் பார்த்த ஆயர்கள், நெற்றியைச் சுருக்கிய விவசாயிகளைக் காட்டிலும் நெய்வேலிப் பொறியாளர்களே குறைவாக ஒப்புக்கொண்டதைக் கண்டிருப்பர்.

பல மாநிலங்கள், ஒரு தெரு

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956இல் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. முந்திரியும் கம்பும் விளைந்த செம்மண் நாட்டில் மாதச் சம்பளம் என்னும் புதிய பருவமழை பெய்யலாயிற்று. நகரியத்திற்கு வெளியே, பண்ணுருட்டிக்கும் வடலூருக்கும் இடையிலான சாலையை ஒட்டிய வடக்குத்தில், நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் நிலமிழந்த குடும்பத்தாரும் அவர்களை நம்பிய சிறு கடைக்காரரும் கலந்து வாழ்ந்தனர். சீட்டு வணிகம் இத்தகைய ஊர்களைத் தேடிவந்தது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் இப்பகுதியில் நாம் கண்ட காட்சி எல்லோரும் அறிந்ததே: மிதிவண்டியில் ஒலிபெருக்கி, அட்டையில் குத்திய வண்ணவண்ணச் சீட்டுகள், நாளை குலுக்கல் என்னும் இடைவிடாக் கூவல், மாலையில் முடிவுத்தாளைச் சுற்றிக் குனிந்த தலைகள். அந்த அட்டையில் தமிழ்நாட்டுச் சீட்டு ஒரு மூலையில்தான் இருந்தது. சிக்கிம், நாகாலாந்து, மணிப்பூர், பூட்டான் என்று, விற்பவரும் வாங்குபவரும் வரைபடத்தில் காட்டவியலாத நாடுகளின் பெயர்களே எஞ்சிய இடமெல்லாம்.

இங்கு அமெரிக்க நாட்டோடு ஒப்பிட்டால் நம் நிலை தெளிவாகும். அங்கும் சிறிய மாநிலங்களுக்கு ஒரு குறையிருந்தது. மக்கள்தொகை குறைவாதலால் பெரும்பரிசு அறிவிக்க இயலவில்லை. ஆகவே 1987இல் சில மாநிலங்கள் ஒரு சங்கமாகக் கூடின. 1992இல் பவர்பால் என்னும் ஆட்டத்தைத் தொடங்கின. பல மாநிலங்களில் விற்கும் சீட்டுகளுக்கு ஒரே குலுக்கல்; ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் விற்றதன் இலாபத்தைத் தானே வைத்துக்கொள்ளும். வெல்பவன் இல்லாவிடில் பெரும்பரிசு அடுத்த குலுக்கலுக்குச் சேர்ந்துகொண்டே போகும். 2015 முதல் 69 எண்களில் ஐந்தையும் தனியே 26 எண்களில் ஒன்றையும் சரியாகக் குறித்தவனுக்கே அது உரியது. அதற்கான வாய்ப்பு 29,22,01,338இல் ஒன்று. வாரம் மூன்று குலுக்கலுக்கும் தவறாது ஒரு சீட்டு வாங்குபவனுக்குச் சராசரியாகப் பதினெட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் அப்பரிசு 204 கோடி டாலராக வளர்ந்தது. அத்தொகையும் முப்பது தவணைகளாகத் தரப்படும் கணக்கே. உடனே வேண்டுவோர்க்கு அதனினும் வெகு குறைவே கிட்டும்.

இந்தியச் சிறு மாநிலங்களுக்கும் அதே குறைதான். ஆனால் அவை கண்ட வழி வேறு. அவை கூடவில்லை, தத்தம் சீட்டைப் பிறர் தெருவில் விற்றன. மொத்த வணிகர் ஒருவர் ஒரு மாநிலத்தின் குலுக்கல் முழுவதையும் குறித்த தொகைக்கு எடுத்துக்கொள்வார். அச்சும் விநியோகமும் அவர் கைக்குப் போகும். விற்பனை தமிழ்நாட்டிலோ மகாராட்டிரத்திலோ நிகழும். வருவாய் இமயமலை அடிவாரத்திற்கு, கண்ணீர் வடக்குத்தில். தமிழ்நாட்டரசின் கருவூலத்திற்கு இதில் கிடைப்பது விற்பனைவரி ஒன்றே.

அவ்வரியைப் பற்றிய வழக்கு இறையியல் மாணவர் அனைவரும் அறியத்தக்கதாகும். அன்ராஜ் எதிர் தமிழ்நாட்டரசு என்னும் வழக்கில் 1985இல் உச்சநீதிமன்றம் ஒரு வினாவை ஆராய்ந்தது: சீட்டு வாங்குபவன் எதை வாங்குகிறான்? இரண்டை வாங்குகிறான் என்றனர் நீதிபதிகள். குலுக்கலில் பங்குபெறும் உரிமை ஒன்று, விழுந்தால் பரிசைப் பெறும் உரிமை மற்றொன்று. முன்னது வாங்கியபோதே கைக்கு வந்துவிட்டதால் அது சரக்கு, வரி விதிக்கலாம் என்பது தீர்ப்பு. இருபத்தோர் ஆண்டுகளுக்குப்பின், 2006இல், சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் அரசியற்சட்ட அமர்வு இதனை மாற்றியது. பங்குபெறுதல் என்பது தனியே ஒரு பொருளன்று. பரிசைப் பெறும் வாய்ப்பைத் தவிரச் சீட்டில் வேறெதுவுமில்லை. அது வழக்கிட்டுக் கோரக்கூடிய ஓர் உரிமை மட்டுமே, விற்பனைவரிக்குரிய சரக்கன்று என்றது. நீதிமன்றங்கள் வரிக்காகவே இவ்வளவு நுணுகிப் பேசின. எனினும் நம்பிக்கை என்பதைப் பற்றி வகுப்பறையில் பேசுவோர், நம்பிக்கையை விலைக்கு விற்றால் வாங்கியவன் கையில் மிஞ்சுவது யாது என இத்துணைத் தெளிவாக ஆராய்ந்த வேறொரு விவாதத்தை எளிதில் காணார்.

மற்றொரு வழக்கு மாநிலங்களின் பிணக்கைப் பற்றியது. பிற மாநிலச் சீட்டுகளைத் தடுக்க மகாராட்டிரம் முயன்றபோது, 1984இல் உச்சநீதிமன்றம் அதற்கு அவ்வதிகாரமில்லை என்றது. 40ஆம் இனம் நாடாளுமன்றத்திற்கு உரியதன்றோ! நாடாளுமன்றம் 1998இல் குலுக்கல் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு படிக்கச் சுவையானது, ஏனெனில் அதன் ஒவ்வொரு விதியும் அதற்குமுன் நடந்த ஒரு முறைகேட்டின் நிழல். ஒற்றை இலக்கத்திற்குப் பரிசு தரலாகாது என்றால், தந்துகொண்டிருந்தனர் என்று பொருள். அரசே அச்சிட்டு முத்திரையிட வேண்டும். விற்ற பணம் அரசின் பொதுக்கணக்கில் சேரவேண்டும். அரசே தன் எல்லைக்குள் குலுக்கவேண்டும். ஒரு குலுக்கல் வாரத்திற்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. பம்பர் குலுக்கல் ஆண்டிற்கு ஆறுக்கு மேல் கூடாது.

5ஆம் பிரிவு பிற மாநிலச் சீட்டுகளைத் தடைசெய்ய ஒரு மாநிலத்திற்கு அதிகாரம் அளித்தது. ஆனால் 1999இல் பி. ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அதற்கொரு நிபந்தனை கூறியது: தன் சீட்டை விற்றுக்கொண்டே பிறர் சீட்டைத் தடுத்தல் ஆகாது, தடைசெய்ய விரும்பும் மாநிலம் முதலில் தன் குலுக்கலையும் கைவிடவேண்டும். அறநூல்கள் சொல்லும் நீதி இங்குச் சட்டமாயிற்று. தன் கண்ணிலுள்ள உத்திரத்தை அகற்றியபின்னரே பிறன் கண்ணிலுள்ள துரும்பைப் பற்றிப் பேசலாம் என்பதாயிற்று.

2003இன் தடையும் பின்னும்

இந்நிபந்தனையின் வெளிச்சத்திலேயே 2003 ஜனவரியில் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா அவர்களின் அரசு செய்ததை விளங்கிக்கொள்ளவேண்டும். தமிழ்நாட்டரசு தன் பரிசுச்சீட்டையும் சேர்த்து எல்லாக் குலுக்கல்களையும் தடைசெய்தது. ஏதோ ஒரு சீட்டை நிறுத்தினார்கள் என்று எண்ணுவோர், தன் வருவாயையும் விட்டுக்கொடுத்தாலன்றிப் பிறர் சீட்டை நிறுத்தவியலாத நிலையை அறியாதவர். திருச்சபைகள் தடையை வரவேற்றன, வரவேற்றது சரியே. ஆயினும் சீட்டு விற்றவர்களில் உடல் ஊனமுற்றோரும் முதியோரும் பலர். வேறு தொழில் செய்யவியலாதவர்க்கு அட்டையும் ஊன்றுகோலும் போதுமான முதலாக இருந்தன. ஒரு தீமையை அகற்றும் ஆணை, அத்தீமையின் ஓரத்தில் பிழைத்தவனுக்கு என்ன செய்யும் என்பது திருச்சபை அரசிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. வரவேற்புத் தீர்மானங்களில் அக்கேள்விக்கு இடமில்லாது போயிற்று.

தடைக்குப்பின் வணிகம் மடியவில்லை, மறைந்தது. கேரளத்தில் அரசுக் குலுக்கல் நாள்தோறும் நடைபெறுகிறது. அதன் முடிவின் கடைசி மூன்று இலக்கங்களின்மீது துண்டுத்தாளில் எழுதிப் பந்தயம் வைப்பதே மூன்று நம்பர் லாட்டரி. இதில் அரசு இல்லை, அச்சில்லை, முத்திரையில்லை. சட்டம் எந்த ஒற்றை இலக்கத்தை ஒழித்ததோ அது மும்மடங்காகத் திரும்பி வந்தது. வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. தோற்றவன் முறையிட இடமுமில்லை, வென்றவன் வழக்கிட வழியுமில்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத்தொழிலாளி ஒருவர் இதில் இழந்து கடன்பட்டு, மனைவியோடும் மூன்று பெண்மக்களோடும் மாண்டார். நெய்வேலியிலிருந்து அது நெடுந்தொலைவன்று.

சட்டமும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இணையவழிச் சூதைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் சட்டமன்றத்தில் இருமுறை நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. குலுக்கலுக்குச் சரக்கு சேவை வரி விதிப்பது செல்லும் என 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வரி 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு நாற்பது ஆயிற்று. புகையிலைக்கு இணையாக வரி விதிக்கப்படும் ஒன்றைக் கேரளம், நாகாலாந்து, சிக்கிம், பஞ்சாப், மேற்கு வங்காளம் உள்ளிட்ட சில மாநில அரசுகள் இன்றும் தம் பெயரால் விற்கின்றன. 2024 மார்ச்சில் தேர்தல் பத்திரங்களின் விவரம் வெளியானபோது, அவற்றை மிகுதியாக வாங்கியது கோவையைச் சேர்ந்த ஒரு குலுக்கல் வணிக நிறுவனமே. தொகை 1,368 கோடி ரூபாய். எக்கட்சி எவ்வளவு பெற்றது என்பது நமது ஆராய்ச்சிக்கு வெளியே. ஒற்றைச் சீட்டு ஆறு ரூபாயும் பத்து ரூபாயும் விலைபோன வணிகத்தில் அத்தொகை எத்தனை கைகளிலிருந்து திரண்டிருக்கும் என்பது மட்டும் எண்ணத்தக்கது.

தொடக்கத்தில் கூறிய கேள்விக்கு மீண்டும் வருவோமாயின், அதனைக் கேட்பவருக்கு மத்தியாவைக் காட்டுவதே தக்கது. மத்தியா சீட்டு வாங்கவில்லை. அவர் பெயரைப் பிறர் எழுதினர். அவருக்கு விழுந்ததால் யோசேப்பு பர்சபா எதையும் இழக்கவில்லை. எண்ணாகமத்தின் சீட்டு, இருப்பதை எல்லோருக்கும் பங்கிட்டது. பரிசுச்சீட்டோ எல்லோரிடமும் சிறிது சிறிதாக எடுத்து ஒருவனிடம் குவிப்பது. இரண்டிற்கும் பொதுவானது குலுக்குதல் ஒன்றே. சிலுவையடியில் அங்கிக்காகப் போர்ச்சேவகர் போட்ட சீட்டையும் இவ்விடத்தில் நினைவுகூர்வோர் உளர். ஆனால் அவர்கள்கூடத் தம் கைப்பொருளைப் பணயம் வைத்ததாகச் சுவிசேஷங்கள் கூறவில்லை.

இதனினும் கடினமான கேள்வி ஒன்றை அண்மையில் சில ஆயர்கள் எதிர்கொள்கின்றனர். பாலக்காட்டிற்கோ திருவனந்தபுரத்திற்கோ வேலைக்குச் சென்றவர் அங்குச் சட்டப்படி வாங்கிய கேரளச் சீட்டில் பரிசு பெற்று, ஊர் திரும்பிப் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கைத் தட்டில் வைக்கிறார். வாங்கிய இடத்தில் குற்றமில்லை. பணம் அரசு கொடுத்தது. எல்விரா விதியைக் காட்டி மறுக்கும் ஆயர், தம் ஆலயத்தின் அறுப்பின் பண்டிகையில் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏலம் போவதையும் அதிர்ஷ்டக் குலுக்கல் மேசையையும் விளக்கவேண்டியிருக்கும். ஏற்கும் ஆயர், அடுத்த ஞாயிறன்று ஆலயத்திற்கு வருபவர்களில் எத்தனை பேர் அந்தத் தட்டைப் பார்த்துச் சீட்டு வாங்கத் துணிந்தனர் என்பதை எண்ணவேண்டியிருக்கும். நாம் அறிந்த மூத்த ஆயர் ஒருவர் அப்பணத்தைத் தட்டிலிருந்து எடுத்து, கொடுத்தவரையே அழைத்துக்கொண்டு, முன்னர்ச் சீட்டு விற்று இப்போது நிலக்கடலை விற்கும் முதியவர் வீட்டின் கடனை அடைக்கச் செய்தார். அது சரியா என்று அவரிடமே கேட்டபோது, கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவதென்று பொருளாளர் இன்னமும் தம்மைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.